காலி வீடு என்று சொன்னாய்

உன் நினைவுக் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு குப்பி கொடுத்தார்கள். கட்டைவிரல் உயரம், பழுப்புக் கண்ணாடி, கழுத்தில் சணல் முடிச்சு. பழைய வீட்டை மாற்றி நீ கட்டிய ஹோட்டலுக்காக நீயே தேர்ந்தெடுத்து வைத்த வாசனையாம். 'பழைய வீட்டின் மணம்' என்று பொடி எழுத்தில் அச்சடித்திருக்கிறது. வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் வைத்துத் திறந்து பார்த்தேன். சந்தனம், ஜாதிக்காய், கூடவே கொஞ்சம் புகை. மூடிவிட்டேன். அப்புறம் மறுபடியும் திறந்தேன். கோபம் வர எனக்கு இப்போதெல்லாம் அதிக நேரம் பிடிப்பதில்லை.

அந்த வீட்டின் மணம் இது இல்லை, உனக்கும் தெரியும். நீ அதற்கு முன்பே பல தடவை வந்து அளந்திருந்தாய்; நான் வந்த முதல் நாள் நாம் இருவரும் முன்கதவைத் தள்ளிக்கொண்டு போனபோது வௌவால் எச்சமும் கடல் காற்றில் ஊறிய பலகையும் சேர்ந்து முகத்தில் அடித்தன. பின்பக்கம் போகப் போக அது மாறியது. மண்ணெண்ணெய், வறுத்த மிளகாய், சாம்பிராணி. யாரோ சமைத்துச் சாப்பிட்டு சாமி கும்பிட்டு வாழ்கிற மணம். அதை மட்டும் உன் குப்பியில் காணோம்.

இறந்தவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள். கூட்டத்தில் மற்றவர்கள் நாற்பது சொல்லிவிட்டார்கள். அவர்கள் விட்டதை நான் எழுதுகிறேன்.

நாம் மலேசியாவில், பெக்கோக் ரப்பர் தோட்டத்தில், ஒரே லயத்து வீட்டு வரிசையில் நாலு கதவு தள்ளிப் பிறந்தவர்கள். ஒரே தமிழ்ப்பள்ளி, ஒரே பஸ். நீ சிங்கப்பூரில் படித்துக் கட்டட வடிவமைப்பாளன் ஆனாய். நான் டிப்ளோமாவோடு நின்று, கட்டுமான இடங்களில் சூப்பர்வைசராகச் சுற்றி, கடைசியில் பழைய சுவர்களுக்குச் சுண்ணாம்பு பூசுகிற வேலையில் வந்து நின்றேன். எங்கே இருந்தாலும் கிறிஸ்மஸுக்கு நீ என் வீட்டுக்கு வருவாய், தீபாவளிக்கு நான் உன் வீட்டுக்கு வருவேன். அதனால்தான் நீ கூப்பிட்டதும் ஒரு கேள்வி கேட்காமல் வந்தேன்.

"ரோஸ், பொந்தியான்ல ஒரு வீடு. கடலப் பாத்த மாதிரி. இடிச்சுட்டு கார் பார்க் போடறதா இருந்தாங்க. நான் தடுத்துட்டேன். சுண்ணாம்பு வேல தெரிஞ்ச ஆளு எனக்கு நீதான்" என்றாய்.

தடுத்தது உண்மை. அதை நான் எப்போதும் மறுத்ததில்லை. கீழே செங்கல், மேலே மரம், தரை முழுக்கப் பூப்போட்ட ஓடு. அந்தக் காலத்து ஜவுளி வியாபாரி ஒருவர் கட்டிய வீடு. பேரப்பிள்ளைகள் ஆஸ்திரேலியாவில் இருந்துகொண்டு விற்றுவிட்டார்கள். வாங்கிய முதலாளிகளிடம் நீதான் பேசி, இதை இடிக்காமல் பத்து அறை கொண்ட ஹோட்டலாக மாற்றலாம் என்று ஒத்துக்கொள்ள வைத்தாய். நீ இல்லையென்றால் இன்று அங்கே கார்கள் நின்றிருக்கும்.

ஆனால் உனக்கு முன்னால் அந்த வீட்டைக் காப்பாற்றியவர் ஒருவர் இருந்தார். பாக்கியம் அக்கா. ஜவுளி வியாபாரியின் மகன் காலத்தில் சமையலுக்கு வந்தவர். கணவர் அதே வீட்டில் டிரைவர். அந்தக் குடும்பம் ஊரைவிட்டுப் போனபோது, "வீட்டைப் பாத்துக்கோ பாக்கியம்" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கணவரும் போய்ச் சேர்ந்தார். அக்கா பின்கட்டு அடுப்பறையிலேயே முப்பத்தோரு வருஷம் இருந்துவிட்டார். கூரை ஒழுகுகிற இடத்திலெல்லாம் பேசின் வைத்திருந்தார். பதினொரு பேசின். மழை தூறினாலே எழுந்து மாடிக்கும் கீழுக்குமாக நடந்து, நிரம்பியதை ஊற்றிவிட்டு மறுபடி வைப்பார். நீ மண்டியிட்டுத் தடவிப் பார்த்து, "அலமாக், ஒரு ஓடுகூடப் பேரல லா!" என்று கத்தினாயே, அந்தத் தரை பேராமல் இருந்தது அந்தப் பேசின்களால்.

அன்றே அக்கா என்னிடம் கேட்டார். "தங்கச்சி, வீட்ட வித்துட்டாங்களாம். நான் எங்க போவேன்?"

நான் உன்னிடம் வந்து கேட்டேன். மறுவாரம் நீ கட்டட வரைபடம் ஒன்று, ஒரு பிளேன், கொண்டுவந்தாய். பெரிய தாள். பின்கட்டில், அடுப்பறைக்குப் பக்கத்தில், சன்னலோடு ஓர் அறை. கட்டில், அலமாரி எல்லாம் வரைந்து, நடுவில் தமிழில் 'பாக்கியம்' என்று உன் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாய்.

"அவங்க இங்கயே இருக்கட்டும். காலையில வர்ற கெஸ்டுக்கு தோசை ஊத்திக் குடுக்கட்டும். இந்த வீட்டு ஆளு அவங்கதானே? நீயே போய்ச் சொல்லு ரோஸ். உன் வாயால கேட்டா சந்தோஷப்படுவாங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. தாளை எடுத்துக்கொண்டு ஓடினேன். அக்காவுக்குப் படிக்கத் தெரிந்த ஒரே எழுத்து தமிழ். தன் பெயரை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அடுப்பு மேடையில் கிடந்த ஒரு கடிதத்தை என்னிடம் நீட்டினார். மலிவு வாடகை வீடு ஒதுக்கியிருப்பதாக வந்திருந்த கடிதம். பொந்தியானிலேயே, மார்க்கெட் பக்கம். எட்டு வருஷம் காத்திருந்து கிடைத்தது. வேண்டுமா வேண்டாமா என்று பதில் போட வேண்டும்.

"இனிமே இது எதுக்கும்மா? வீடு இல்லாதவங்க யாருக்காச்சும் போவட்டும். வேணாம்னு எழுதிக் குடு."

நான்தான் எழுதினேன். மலாயில், என் பேனாவால். அக்கா கையெழுத்துப் போட்டார். நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வரும் வழியில் உனக்குப் போன் செய்து, "நீ நல்லா இருப்படா" என்றேன். சிரித்தாய். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. கேட்கும்போதெல்லாம் அறைய வேண்டும் போலிருக்கிறது.

ஏழு மாதம் வேலை நடந்தது. சிமெண்ட் பூசிக் கெடுத்து வைத்திருந்த சுவர்களை உரித்து, செங்கல்லை மூச்சுவிட வைத்து, ஒரு பூச்சு, இரண்டாம் பூச்சு என்று முன்பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தோம். அக்கா காலையும் மாலையும் பதினாலு பேருக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். எந்தக் குழாய் எங்கே ஓடுகிறது, எந்த உத்திரம் கறையான் அரித்தது, எந்தக் கதவு எங்கே சிக்கிக்கொள்ளும் என்று அவர் சொல்லச் சொல்லத்தான் நீ குறித்துக்கொண்டாய். உன் பிளேனில் பாதி அந்த அம்மாளின் வாயிலிருந்து வந்தது.

ஒருநாள் மத்தியானம், என்னை 'காக்' என்று அக்கா முறை வைத்துக் கூப்பிடும் குழாய் வேலைக்கார ரஹ்மான் வந்தான். "காக், அடுப்பறை எப்போ உடைக்கிறீங்க? நான் கோலாமுக்குப் பைப் இறக்கணும்."

கோலாம் என்றால் மலாயில் குளம். நான் சிரித்துவிட்டேன். "எந்தக் கோலாம்? அது பாக்கியம் அக்கா ரூம்."

அவன் தன் தாளை விரித்தான். பின்கட்டு மொத்தமும் இல்லை. அடுப்பறை இல்லை, அறை இல்லை, பெயர் இல்லை. நீள்சதுரமாக ஒரு நீச்சல் குளம். ஓரத்தில் நாலு சாய்வு நாற்காலி. நான் கீழ் மூலையைப் பார்த்தேன். எந்தப் பிளேனுக்கும் மூலையில் எண்ணும் தேதியும் இருக்கும். அந்தத் தேதி, நீ எனக்கு 'பாக்கியம்' என்று எழுதிக் கொடுத்த நாளுக்கு இரண்டு மாதம் முந்தியது. நீ எனக்குக் கொடுத்த தாளில் எண்ணும் இல்லை, தேதியும் இல்லை. வேறு யாரிடமும் அந்தத் தாள் இல்லை என்பதை அன்று சாயங்காலத்துக்குள் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எலெக்ட்ரிக் வேலைக்காரரிடம் இல்லை. தச்சரிடம் இல்லை. எனக்காக மட்டும் ஒரு தாள் வரைந்திருக்கிறாய்.

நீ மாடியில் படிக்கட்டு இரும்பை அளந்துகொண்டிருந்தாய். நான் ரஹ்மானின் தாளை உன் முன்னால் போட்டேன்.

"இது எப்போ போட்டது?"

"எது?"

"நடிக்காதடா."

நீ தாளைப் பார்த்தாய். மறுக்கவில்லை. அதற்காவது உன்னை மதிக்கலாமா என்று பல முறை யோசித்திருக்கிறேன். இல்லை.

"முதலாளிங்க ஆரம்பத்துலயே ஒத்துக்கல ரோஸ். ஹோட்டலுக்குள்ள ஆளு குடியிருக்கக் கூடாதுன்னுட்டாங்க."

"அப்போ எனக்கு எதுக்கு அந்தப் படத்தக் குடுத்த?"

"முப்பது வருஷமா இருக்கறவங்க லா. பயந்துபோய் வக்கீலப் பாத்தாங்கன்னா வேல ஒரு வருஷம் நின்னுடும். முதலாளிங்க கை கழுவிடுவாங்க. அப்புறம் கார் பார்க்குதான்."

"நீயே போய்ப் பொய் சொல்லியிருக்கலாமே. என்னை ஏன் அனுப்பின?"

"நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீ சொன்னா நம்புவாங்க."

தவழ்ந்த வயதிலிருந்து எனக்கு உன்னைத் தெரியும். அவ்வளவு உண்மையாக நீ அதுவரைக்கும் என்னிடம் பேசியதில்லை. பிறகு, கணக்கு வாத்தியார் மாதிரி விளக்கினாய். "ஒரு கட்டடத்தக் காப்பாத்தணும்னா எதையாச்சும் விட்டுக்குடுத்துத்தான் ஆகணும்."

"எதையாச்சும்னு சொல்லாத. யாரையாச்சும்னு சொல்லு."

நீ அளவு நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டாய். "அவங்ககிட்ட நீ பக்குவமா சொல்லிடு" என்றாய். அதையும் என்னிடமே விட்டாய்.

அன்றே வேலையை உதறிவிட்டுப் போனேன் என்று எழுத ஆசைதான். போகவில்லை. மேற்குச் சுவர் இரண்டாம் பூச்சில் இருந்தது. பாதியில் விட்டால் சுண்ணாம்பு வெடிக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெடிக்கும் என்பது நிஜம். நான் தங்கியதற்கு அது காரணம் இல்லை. அந்தச் சுவர் அழகாக வந்துகொண்டிருந்தது. என் தொழிலில் அவ்வளவு அழகாக வேறெதுவும் எனக்கு வந்ததில்லை. உன்னைத் திட்டிக்கொண்டே தினமும் காலையில் அதன் முன்னால் போய் நின்றேன்.

மறுநாள் அக்காவிடம் போனேன். முறத்தில் நெத்திலியைக் கொட்டித் தலை கிள்ளிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அந்த ரூம் இல்லன்னுட்டாங்க."

"எந்த ரூம்?"

"உங்க ரூம்."

கை நிற்கவில்லை. கிள்ளிக்கொண்டே இருந்தார். "படத்துல இருந்துச்சேம்மா."

"அந்தப் படம் பொய்யிக்கா."

"நீ காட்டினியே."

நான் முறத்திலிருந்து ஒரு நெத்திலியை எடுத்துத் தலை கிள்ளினேன்.

"தெரிஞ்சு காட்டினியா, தெரியாம காட்டினியா?"

"தெரியாமக்கா. சத்தியமா."

"ரெண்டும் எனக்கு ஒண்ணுதான் தங்கச்சி. வீட்டுக் கடுதாசி போனது போனதுதானே."

எழுந்து கையைக் கழுவினார். முருகன் படத்துக்குப் பின்னாலிருந்து அந்தத் தாளை எடுத்தார். எட்டாக மடித்து, மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்தார். "இத நீயே வெச்சுக்கோ" என்று என் கையில் கொடுத்தார். திட்டவில்லை, அழவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்கியிருக்கும்.

மாசாயிலிருந்து அவர் அக்காள் மகன் வேன் கொண்டுவந்தான். பாசிர் கூடாங் தொழிற்சாலையில் வேலை செய்கிறவன். இரண்டு அறை பிளாட்டில் ஏற்கனவே ஐந்து பேர். ஆனாலும் முகம் சுளிக்காமல் மூட்டைகளை ஏற்றினான். அக்கா கடைசியாகப் பதினொரு பேசினையும் கழுவிக் கவிழ்த்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைத்தார். "இனிமே ஒழுகாது இல்ல?" என்று கேட்டார். "ஒழுகாதுக்கா" என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு வேனில் ஏறினார். நீ அன்று சிங்கப்பூரில் மீட்டிங் இருப்பதாகச் சொல்லியிருந்தாய்.

திறப்பு விழாவுக்கு நான் வந்தேன். அழகாகத்தான் இருந்தது. அதையும் மறைக்க மாட்டேன். பழைய பூ ஓட்டின் நடுவிலிருந்து கறுப்பு இரும்புப் படிக்கட்டு காகிதம் மடித்த மாதிரி எழும்பிப் போனது. மாடி மரச்சுவருக்கும் புதுக் கண்ணாடிச் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டிருந்தாய். பழையது பழையதாகவும் புதியது புதியதாகவும் தெரிந்தன. நாலு மணி வெயில் அந்தச் சந்து வழியாக இறங்கி என் மேற்குச் சுவரில் நின்றபோது வந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். இவ்வளவு நல்ல கண் உள்ளவன் இப்படி ஒரு காரியம் செய்திருக்க வேண்டாம். முட்டாளாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

நீ மைக்கைப் பிடித்துப் பேசினாய். "முப்பது வருஷமா இந்த வீடு காலியா கெடந்துச்சு. யாராச்சும் வரமாட்டாங்களான்னு காத்துகிட்டு இருந்துச்சு."

காலி.

கைத்தட்டலில் நான் வெளியே வந்துவிட்டேன். அதற்குப் பிறகு உன் போனை எடுக்கவில்லை. இரண்டு வருஷம்.

உனக்குக் கல்லீரல் கெட்டுவிட்டது என்று உன் மனைவி போன் செய்தார். "உங்களப் பாக்கணுங்கறாரு" என்று அழுதார். அவருக்காக வந்தேன். ஜோகூர் பாருவில், ஆஸ்பத்திரியின் ஐந்தாம் மாடியில், கட்டிலோடு ஒட்டிக்கொண்டு கிடந்தாய். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். நீ அந்தப் பெயரைச் சொல்வாய் என்று காத்திருந்தேன். 'பாக்கியம் அக்கா எப்படி இருக்காங்க' என்று ஒரு வார்த்தை. அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டிருப்பாய் என்று லிஃப்டில் வரும்போதே நினைத்துக்கொண்டேன்.

"மேக்குச் சுவரு எப்படி இருக்கு ரோஸ்? உப்பு ஏறுதா?"

அதுதான் கேட்டாய்.

போன மாதம்தான் பராமரிப்புக்குப் போய்ப் பார்த்திருந்தேன். ஒரு கீறல் இல்லை. கடலோரத்தில் அப்படி ஒரு சுவர் நிற்பது அபூர்வம்.

"உதிருது" என்றேன். "கீழேர்ந்து ரெண்டடிக்கு உப்பு பூத்துருச்சு. மொத்தமா உரிச்சுட்டுத்தான் போடணும்."

நீ கண்ணை மூடிக்கொண்டாய். இமையோரம் ஈரமானது. "சரி பண்ணிடு" என்றாய். "ம்" என்றேன். ஒன்பதாம் நாள் நீ போய்விட்டாய்.

இதைப் பங்குச் சாமியாரிடம்கூட நான் சொல்லவில்லை. வருத்தமா என்று கேட்டால், சில நாள் உண்டு, சில நாள் இல்லை. உனக்கு எங்கே அடித்தால் வலிக்கும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் எனக்கும் அங்கேதான் வலிக்கும். நான் சொன்னால் நம்புவாய் என்பதும் தெரியும்.

உன் நினைவுக் கூட்டத்தை அந்தக் குளத்தின் பக்கத்திலேயே வைத்தார்கள். சின்ன வயதுத் தோழி என்று என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். எழுந்து நின்றேன். "இந்த வீடு காலியா இருக்கல. பாக்கியம்னு ஒருத்தங்க இங்க முப்பத்தோரு வருஷம் இருந்தாங்க. நீங்க உக்காந்திருக்கிற எடம் அவங்க அடுப்பறை. அவங்க இங்கயே இருக்கலாம்னு பொய் சொல்லி, கெடச்ச வீட்ட வேணாம்னு எழுத வெச்சு, அனுப்பினோம். இறந்தவரும் நானும்" என்றேன். உன் மனைவி தலையைக் குனிந்துகொண்டார். அது எனக்குக் கஷ்டமாக இருந்தது. மற்றவர்கள் மரியாதையாகத் தலையாட்டினார்கள். பிறகு யாரோ தேத்தண்ணி கொண்டுவந்தார்கள்.

புறப்படும்போது ஹோட்டல் மேனேஜர் பின்னாலேயே வந்தார். சின்ன வயது, நல்ல சிரித்த முகம். "மேடம், மனசத் தொட்டுடுச்சு. அந்த அம்மாவோட பழைய போட்டோ கிடைக்குமா? ரிசெப்ஷன் பக்கத்துல பெருசா பண்ணி மாட்டலாம். கெஸ்டுங்களுக்கு இந்த மாதிரி கதைன்னா ரொம்பப் பிடிக்கும்" என்றார். குப்பியைக் கையில் கொடுத்தார். அவர் உன்னை நேரில் பார்த்ததே இல்லையாம். ஆனால் நீ வளர்த்த பிள்ளை மாதிரிதான் பேசினார்.

மறுநாள் மாசாய்க்குப் போனேன். முதல் வருஷம் அக்கா கம்பிக்கதவைத் திறக்காமலே பேசி அனுப்புவார். இப்போது உள்ளே விடுகிறார். மூன்றாவது மாடி. ஹாலில் பாய். பகலில் சுருட்டி சோபாவுக்குப் பின்னால் வைத்துவிடுவார். நடந்ததைச் சொன்னேன்.

"என் படத்த மாட்டறாங்களாமா?"

"கேக்கறாங்கக்கா."

"சுவத்துல எடம் இருக்கா?"

"இருக்கு."

"ஓ" என்றார். "எனக்குத்தான் இல்லாமப் போச்சு" என்றார். உடனே எழுந்து கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார். "படமெல்லாம் வேணாம். ஃபாரம் கொண்டாரேன்னியே, எங்க?"

கொண்டுபோயிருந்தேன். மலிவு வாடகை வீட்டுக்குப் புது விண்ணப்பம். ஒருமுறை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர்கள் மறுபடி வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். அதில் ஒரு கேள்வி: முன்பு ஒதுக்கிய வீட்டை ஏன் மறுத்தீர்கள்? அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டு என் பேனாவையே பார்த்தார்.

"என்னக்கா எழுதட்டும்?"

"நடந்தத எழுது."

மலாயில் நாலு வரி எழுதினேன். நம்பிக்கையான ஒருவர் வேறு இடம் இருப்பதாகச் சொன்னதால் மறுத்தார். அந்தத் தகவல் பொய். அந்த ஒருவர் யார் என்று தெரிய வேண்டுமல்லவா? என் முழுப்பெயரை எழுதினேன். கீழே என் போன் நம்பர்.

விண்ணப்பத்தை அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தபோது, கவுண்டரில் இருந்த பெண் படித்துவிட்டு நிமிர்ந்தாள். "இது நீங்களா?"

"நான்தான்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு முத்திரை குத்தி, காத்திருக்கச் சொன்னாள். எவ்வளவு காலம் என்று அவளுக்கும் தெரியவில்லை. அக்காவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது.

அந்தக் கட்டத்தில் இன்னும் இரண்டு வரிக்கு இடம் இருந்தது. உன் பெயரும் தாராளமாக அடங்கும். எழுதவில்லை. உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நீ செத்துத் தப்பித்துக்கொண்டாய், நாளைக்கு அந்தப் பெண் போன் செய்தால் எடுக்க உன்னால் முடியாது. எடுக்கக்கூடிய ஆளின் பெயரைத்தான் எழுத முடியும். போனை இப்போதெல்லாம் குளிக்கப் போகும்போதுகூட பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன்.